ஆம்ப்ளிஃபையர் கட்டும்போது பவர் சப்ளையும் பயாஸும்: முழுமையான வழிகாட்டி

ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் மின்னோட்டம் பாட்டு வரும் கருவியிலிருந்து வருவதில்லை. அது முழுக்க முழுக்கப் பவர் சப்ளையிலிருந்து வருகிறது. எந்தக் கணத்தில் எவ்வளவு மின்னோட்டம் போக வேண்டும் என்று ஆணையிடுவது மட்டுமே உள்ளீட்டுச் சிக்னலின் வேலை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், டிரான்ஸ்ஃபார்மரையும் கெப்பாசிட்டரையும் கடைசியில் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றும் எண்ணமே வராது.

பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓட விடும் சிறு மின்னோட்டம், அந்த விஷயமும் இப்படித்தான். யாரோ சொன்ன ‘100 மில்லிஆம்பியர்’ என்ற எண்ணை அப்படியே எடுத்து வைப்பவர்கள் அதிகம். அந்த எண் எந்த ரெசிஸ்டருக்கு, எந்த வோல்ட்டேஜுக்கு, எந்த ஹீட்சிங்க்குக்கு உரியது என்று கேட்பவர்கள் குறைவு. சப்ளையிலும் பயாஸிலும் ‘கூடுதலாக வைத்தால் நல்லது’ என்ற நம்பிக்கைதான் பல ஆம்ப்ளிஃபையர்களைக் கெடுக்கிறது. இரண்டிலும் சரியான அளவு என்று ஒன்று உண்டு. அதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

கணக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம்: இரண்டு சேனல், 8 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 50 வாட், கிளாஸ் ஏபி (அலையின் இரு பாதியையும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் பகிர்ந்து, நடுவில் சற்றே சேர்ந்து ஓடும் வகை), அவுட்புட்டில் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 போன்ற பைபோலார் டிரான்சிஸ்டர் ஜோடி.

ஓர் எச்சரிக்கை. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிப் பக்கம் (230 வோல்ட் மின்சாரம் வரும் பக்கம்) உயிரைப் பறிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் நிற்கும். மீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

படி 1: ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

50 வாட்டை 8 ஓமால் பெருக்கினால் 400. அதன் வர்க்கமூலம் 20. அதாவது ஸ்பீக்கரில் 20 வோல்ட் ஆர்எம்எஸ் (சக்திக்கு ஈடான அளவு) வேண்டும். அதன் உச்சம் 28.3 வோல்ட், உச்ச மின்னோட்டம் சுமார் 3.5 ஆம்பியர்.

டிரான்சிஸ்டர்களால் சப்ளை வோல்ட்டேஜைக் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்த முடியாது. டிரைவர் (அவுட்புட்டை இயக்கும் டிரான்சிஸ்டர்), அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் பேஸ்-எமிட்டர் இழப்பு, அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் தொடராக வைக்கும் எமிட்டர் ரெசிஸ்டரின் இழப்பு, முந்தைய கட்டத்தின் இழப்பு எல்லாம் சேர்ந்து 4 வோல்ட் வரை போகும். கெப்பாசிட்டரில் எழும் ரிப்பிளுக்கு (வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கத்துக்கு) இன்னும் 2 வோல்ட். ஆக முழுச் சுமையில் ±34 முதல் ±35 வோல்ட், அதாவது கிரவுண்டுக்கு மேலே ஒரு ரெயிலும் (சப்ளை வரி) கீழே ஒரு ரெயிலும், தேவை.

நடுமுனைக்கு இருபுறமும் 25 வோல்ட் ஏசி தரும் 25-0-25 டிரான்ஸ்ஃபார்மர் இதற்குப் பொருந்தும். 25-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 35.4, டையோடில் ஒரு வோல்ட் கழித்தால் 34.4. ‘எனக்கு ±35 வேண்டும், ஆகவே 35-0-35 வாங்குகிறேன்’ என்பது மிகப் பரவலான தவறு. அப்படி வாங்கினால் ±49 வோல்ட் வந்து நிற்கும். எல்எம்3886 போன்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி சிக்னலோடு தாங்கும் உச்சம் ±42 வோல்ட்தான். டிடிஏ2030 தாங்குவது ±18. 12-0-12 வைத்தாலே சுமையில்லாதபோது அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

சுமையில்லாத நிலையை நினைவில் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜ் முழுச் சுமைக்கு உரியது. சுமை குறைந்தால் 5 முதல் 10 சதவீதம் ஏறும். மின்வழங்கல் 10 சதவீதம் உயர்ந்தால் அதுவும் சேரும். நம் ±35 சப்ளை சில நேரங்களில் ±41 அல்லது ±42 ஆகலாம். அதனால் கெப்பாசிட்டர்கள் குறைந்தது 50 வோல்ட். 63 வோல்ட் வைத்தால் நிம்மதி. அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டு ரெயிலுக்கும் இடைப்பட்ட மொத்த வோல்ட்டேஜை, அதாவது 84-ஐத் தாராளமாகத் தாங்க வேண்டும். 230 வோல்ட் தாங்கும் 2எஸ்சி5200 போதும். 100 வோல்ட் தாங்கும் டிப்35சி மிக நெருக்கமான தேர்வு, நான் வைக்கமாட்டேன்.

இதே சப்ளையில் 4 ஓம் ஸ்பீக்கர் இணைத்தால் மின்னோட்டமும் வெப்பமும் இரட்டிப்பாகும். 4 ஓம் ஸ்பீக்கர்தான் உங்களிடம் இருக்கிறதென்றால், அதற்கெனக் கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.

படி 2: டிரான்ஸ்ஃபார்மரின் விஏ (வோல்ட்-ஆம்பியர் திறன்)

3.5 ஆம்பியர் உச்சமுள்ள சைன் அலையில், ஒவ்வொரு ரெயிலும் தரும் சராசரி மின்னோட்டம் அந்த உச்சத்தை பை-ஆல் வகுத்தது: சுமார் 1.13 ஆம்பியர். இரண்டு ரெயிலுக்கும் சேர்த்து, சேனலுக்கு ஏறத்தாழ 79 வாட். இரண்டு சேனலுக்கு 158 வாட். கெப்பாசிட்டரை நிரப்பும் மின்னோட்டம் அலையின் உச்சியில் மட்டும் குறுகிய துடிப்புகளாகப் பாய்வதால், இந்த வாட்டைவிட விஏ கணிசமாகக் கூடுதலாக வேண்டும். இடைவிடாமல் முழுச் சக்தியில் சைன் அலை ஓட்டுவதென்றால் 225 விஏக்கு மேல் போகும்.

ஆனால் இசை சைன் அலை அல்ல. அதன் சராசரி உச்சத்தைவிட வெகு கீழே இருக்கும். கேட்பதற்காகக் கட்டும் ஆம்ப்ளிஃபையருக்கு 160 முதல் 200 விஏ தாராளம். 500 விஏ போட்டால் ஒலி இனிமையாகும் என்பதை நான் ஏற்கவில்லை. கூடுவது எடையும், சுவிட்சைப் போட்டதும் பாயும் முதல் மின்னோட்டமும்தான். டொராய்டல் வகை காந்தப்புலத்தை வெளியே குறைவாகச் சிந்தும், உயரமும் குறைவு. ஆனால் அதன் நடு போல்ட்டின் இரு முனைகளும் பெட்டியைத் தொடக்கூடாது. தொட்டால் அதுவே ஷார்ட்டான ஒரு சுற்றாகி டிரான்ஸ்ஃபார்மரை எரித்துவிடும்.

பிரைமரியில் ஸ்லோ-புளோ ஃபியூஸ் கட்டாயம். 230 வோல்ட்டில் 200 விஏ என்றால் 1.6 அல்லது 2 ஆம்பியர். ஃபியூஸுக்குப் பிறகுதான் சுவிட்ச்.

ஒற்றை சப்ளையா, இரட்டையா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஒற்றை என்றால் அவுட்புட்டில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் வேண்டும். 8 ஓமுக்கு 2200 மைக்ரோஃபாரட் வைத்தால் 9 ஹெர்ட்ஸில் சிக்னல் குறையத் தொடங்கும். இரட்டையில் அந்தக் கெப்பாசிட்டர் தேவையில்லை; ஆனால் ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட்டானால் முழு டிசி வோல்ட்டேஜும் ஸ்பீக்கருக்குள் போகும். ஆகவே இரட்டை சப்ளையை எடுப்பவர் ரிலேயுடன் கூடிய ஸ்பீக்கர் பாதுகாப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் (உயர் அதிர்வெண்ணில் ஸ்விட்ச் செய்யும் சப்ளை) வைக்கலாம்; ஆடியோவுக்கென வடிவமைத்த இரட்டை அவுட்புட் வகை என்றால் நன்றாகவே வேலை செய்யும். முதன்முறை கட்டுபவருக்குச் சாதாரண டிரான்ஸ்ஃபார்மரையே சொல்வேன். பழுது வந்தால் எங்கே என்று மீட்டரை வைத்தே பார்த்துவிடலாம்.

படி 3: பிரிட்ஜும் கெப்பாசிட்டரும்

ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடு பிரிட்ஜுக்கு 25 ஆம்பியர், 400 வோல்ட்டுக்கு மேல் உள்ள உலோக உறை வகை போதும். சராசரி மின்னோட்டம் சிறியதுதானே என்று சிறிய டையோடு வைக்காதீர்கள். காலியான கெப்பாசிட்டரை முதன்முதலில் நிரப்பும் துடிப்பையும் அதுதான் தாங்க வேண்டும்.

கெப்பாசிட்டரின் அளவுக்கு எளிய கணக்கு உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கெப்பாசிட்டர் 10 மில்லிநொடிக்கு ஒரு முறை நிரம்புகிறது. 60 ஹெர்ட்ஸில் 8.3 மில்லிநொடி. ரெயிலின் மின்னோட்டத்தை இந்த நேரத்தால் பெருக்கி, கெப்பாசிட்டரின் ஃபாரட் அளவால் வகுத்தால் ரிப்பிள் கிடைக்கும். இரண்டு சேனலும் முழுச் சக்தியில் ஓடும்போது ரெயிலுக்கு 2.25 ஆம்பியர், கெப்பாசிட்டர் 10,000 மைக்ரோஃபாரட் என்றால் ரிப்பிள் 2.25 வோல்ட். உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். முதல் படியில் ஒதுக்கிய 2 வோல்ட்டுக்கு இது பொருந்துகிறது.

இதை 40,000-ஆக உயர்த்தினால் என்ன ஆகும்? ரிப்பிள் குறையும். கூடவே நிரப்பும் துடிப்பு இன்னும் குறுகி, உயர்ந்து, டிரான்ஸ்ஃபார்மரைச் சூடாக்கும். அந்தத் துடிப்பு ஓடும் வயர்களில் ஹம்மின் (ஸ்பீக்கரில் கேட்கும் உறுமலின்) வாய்ப்பும் ஏறும். ரெயிலுக்கு 10,000-லிருந்து 15,000 வரை போய் நிறுத்திக்கொள்வது என் பரிந்துரை. மிச்சமாகும் கவனத்தை உள்ளீட்டுக் கட்டத்தின் சப்ளைக்குச் செலவிடுங்கள். அங்கே ஓடுவது 10 மில்லிஆம்பியர் அளவுதான். ரெயிலிலிருந்து 100 ஓம் வழியாக எடுத்து, 220 மைக்ரோஃபாரட் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போட்டால், ஒரு வோல்ட் இழப்பில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் ஏறத்தாழ 14-இல் ஒரு பங்காகிவிடும்.

ஒவ்வொரு பெரிய கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 2.2 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். அணைத்த பிறகு இரண்டு நிமிடத்தில் மின்னேற்றம் வடிந்துவிடும்.

படி 4: கிரவுண்டு வயரிங்

ஹம் இல்லாத ஆம்ப்ளிஃபையரை ஹம் உள்ளதிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் இந்த ஒரு படிதான். விலை உயர்ந்த பாகங்களால் இங்கே உண்டாகும் குறையை ஈடுகட்ட முடியாது.

டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனைக்கும் இரண்டு கெப்பாசிட்டர்கள் சந்திக்கும் புள்ளிக்கும் இடையே பல ஆம்பியர் உயரமுள்ள நிரப்பும் துடிப்புகள் ஓடுகின்றன. அந்த வயரின் மின்தடை மிகச் சிறியதாக இருந்தாலும், அதன் இரு முனைகளுக்கிடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு எழும். உள்ளீட்டின் கிரவுண்டை அந்த வயரின் நடுவில் இணைத்தால், அந்த மில்லிவோல்ட்டுகள் சிக்னலோடு சேர்ந்து பெருக்கப்படும். ஆகவே கெப்பாசிட்டர்கள் சந்திக்கும் புள்ளியிலிருந்து ஒரு தனி, குட்டையான, தடித்த வயரை இழுத்து, அதன் மறுமுனையை நட்சத்திரப் புள்ளியாக வையுங்கள். அங்கிருந்து ஸ்பீக்கரின் திரும்பும் வயர், ஒவ்வொரு போர்டின் பவர் கிரவுண்டு, உள்ளீட்டுக் கிரவுண்டு ஒவ்வொன்றும் தனித்தனி வயராகப் போகட்டும். ஒன்று இன்னொன்றின் வயரைப் பங்குபோடக் கூடாது.

மின்வழங்கலின் எர்த்தை உலோகப் பெட்டியில், பெயிண்டைச் சுரண்டிவிட்டு, தனி போல்ட்டில் இறுக்குங்கள். ஹம் வருகிறது என்று எர்த்தைக் கழற்றுவது தீர்வல்ல; ஆபத்து. நட்சத்திரப் புள்ளிக்கும் பெட்டிக்கும் இடையே 10 ஓம் ரெசிஸ்டரும், அதற்கு இணையாக 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரும், எதிரெதிர்த் திசையில் பார்க்கும் பெரிய டையோடுகளும் வையுங்கள். சாதாரண நேரத்தில் கிரவுண்டு லூப்பின் (கருவிகளின் எர்த்தும் கிரவுண்டும் சேர்ந்து உண்டாக்கும் வளையத்தின்) மின்னோட்டத்தை ரெசிஸ்டர் மட்டுப்படுத்தும். பழுது நேர்ந்தால் டையோடுகள் முழு மின்னோட்டத்தையும் எர்த்துக்குக் கடத்தி ஃபியூஸை எரிக்கும்.

படி 5: சப்ளையைத் தனியாக எழுப்புங்கள்

ஆம்ப்ளிஃபையர் போர்டை இணைக்காமல் சப்ளையை மட்டும் சோதியுங்கள். ஃபேஸ் வயரில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. சூடேறும் இழையின் மின்தடை ஏறுவதுதான் நமக்குப் பாதுகாப்பு. சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்க வேண்டும். பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட், அல்லது கெப்பாசிட்டர் தலைகீழ். மங்கிய பிறகு இரு ரெயில்களையும் அளந்து, இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 6: எவ்வளவு பயாஸ்

சிக்னலின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை மற்றொன்றும் கையாளும்போது, பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் இரண்டும் அணைந்திருந்தால் அங்கே அலை உடையும். இந்தக் குறை சிறிய ஒலியில்தான் அதிகம் உறுத்தும். ஏனெனில் அப்போது சிக்னல் முழுவதும் அந்த இடத்தைச் சுற்றியே உலவுகிறது. இரண்டையும் எப்போதும் சற்றே திறந்து வைக்கும் சிறு மின்னோட்டம்தான் பயாஸ்.

அதன் சரியான அளவை 1971-ல் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தின் பெர்னார்ட் ஆலிவர் தெளிவாக வகுத்தார். டிரான்சிஸ்டருக்கு உள்ளேயும் ஓர் எமிட்டர் மின்தடை உண்டு. அது ஏறத்தாழ 26 மில்லிவோல்ட்டை மின்னோட்டத்தால் வகுத்த அளவு. வெளியே நாம் வைக்கும் ரெசிஸ்டரில் 26 மில்லிவோல்ட் விழும்படி பயாஸ் வைத்தால், உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் சமம். சிக்னல் இல்லாதபோது இரண்டு பக்கமும் இணையாக நிற்பதால் மொத்த மின்தடை வெளி ரெசிஸ்டரின் அளவுக்கு வருகிறது. பெரிய சிக்னலில் ஒரு பக்கம் அணைகிறது. மறுபக்கத்தின் உள் மின்தடை கரைந்துபோக, மிச்சமிருப்பதும் அதே வெளி ரெசிஸ்டர்தான். இரு நிலையிலும் ஒரே மின்தடை இருப்பதால், கைமாறும் இடத்தின் தழும்பு மிகக் குறைகிறது.

ஆகவே நாட வேண்டியது மில்லிஆம்பியரை அல்ல. எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே உள்ள மில்லிவோல்ட்டை. டிரான்சிஸ்டருக்குள்ளே வேறு சிறு மின்தடைகளும் இருப்பதால் நடைமுறையில் 20 முதல் 25 வரை வையுங்கள். 22 மில்லிவோல்ட் என்று எடுத்துக்கொண்டால், நம் உதாரணத்தில் வைக்கும் 0.22 ஓமுக்கு 100 மில்லிஆம்பியர், 0.33 ஓமுக்கு 67; 0.47 ஓமுக்கு 47. ஒரே ‘100 மில்லிஆம்பியர்’ எல்லா ஆம்ப்ளிஃபையருக்கும் ஏன் பொருந்தாது என்பது இங்கே புரியும்.

கூட்டி வைத்தால் இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து ஓடும் பகுதியில் மின்தடை பாதியை நோக்கிக் குறைந்து, அதைத் தாண்டும் இடத்தில் புதிய படிக்கட்டு ஒன்று உருவாகும். வெப்பமும் சும்மா ஏறும். கூடுதல் பயாஸுக்கு நியாயம் உண்டு என்றால், அது இரண்டு டிரான்சிஸ்டரும் ஒருபோதும் அணையாத முழுமையான கிளாஸ் ஏ-வில்தான். அதற்கு உள்ள விலையைப் பாருங்கள்: 8 ஓமில் 10 வாட்டுக்கு உச்ச மின்னோட்டம் 1.58 ஆம்பியர்; பயாஸ் அதில் பாதி, 0.79 ஆம்பியர். ±18 வோல்ட் ரெயிலில் பாட்டு இல்லாதபோதே சேனலுக்கு 28 வாட் வெப்பம். அதை ஏற்கத் தயார் என்றால் சப்ளையையும் ஹீட்சிங்க்கையும் அதற்கெனவே திட்டமிடுங்கள். கிளாஸ் ஏபி போர்டில், பயாஸைச் சரிசெய்யும் சிறு மாறு ரெசிஸ்டரான பிரீசெட்டைத் திருகி கிளாஸ் ஏ ஆக்க முடியாது. நம் 100 மில்லிஆம்பியர் பயாஸ் கிளாஸ் ஏ-வாக இருப்பது 0.16 வாட் வரைதான். அது சிறியதாகத் தோன்றலாம்; ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் அந்த 0.16 வாட்டிலேயே 80 டெசிபெல் தந்துவிடும்.

படி 7: பயாஸ் சுற்று

டிரைவரும் அவுட்புட்டும் அடுத்தடுத்து மின்னோட்டத்தைக் கூட்டும் இரண்டு கட்ட எமிட்டர் ஃபாலோயரில் டிரைவர் இரண்டு, அவுட்புட் இரண்டு என நான்கு பேஸ்-எமிட்டர் சந்திகள் உள்ளன. அவற்றுக்குச் சேர்த்து 2.4 வோல்ட் அளவு வேண்டும். பிடி139 டிரான்சிஸ்டர் ஒன்றும் இரண்டு ரெசிஸ்டரும் கொண்ட விபிஇ மல்டிபிளையர் (ஒரு பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜைப் பெருக்கித் தரும் சுற்று) இதைத் தரும். கலெக்டர்-பேஸ் இடையே 2.2 கிலோஓம், பேஸ்-எமிட்டர் இடையே 560 ஓமும் அதற்குத் தொடராக 1 கிலோஓம் பலசுற்று பிரீசெட்டும். இந்த அளவுகளில் 1.5 முதல் 3 வோல்ட் வரை நகர்த்தலாம்.

பிரீசெட் இருக்க வேண்டிய இடம் பேஸ்-எமிட்டர் பக்கம்தான்; இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய பிரீசெட்டின் தொடுமுனை ஒருநாள் விட்டுப்போகும். இந்தப் பக்கம் விட்டால் பயாஸ் குறைந்தபட்சத்துக்கு இறங்கும். மறுபக்கம் விட்டால் உச்சத்துக்கு ஏறி அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் அப்போதே போய்விடும்.

பிடி139-ஐ அவுட்புட் டிரான்சிஸ்டரின் முகத்தின்மீதோ, அதை ஒட்டி ஹீட்சிங்க்கிலோ திருகுங்கள். சந்தியின் வோல்ட்டேஜ் ஒரு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறைகிறது. 40 டிகிரி ஏறினால் 80 மில்லிவோல்ட். பயாஸ் வோல்ட்டேஜ் அதற்கேற்ப இறங்காவிட்டால் 100 மில்லிஆம்பியர் இருந்த இடத்தில் 300-ஐத் தாண்டும். அது இன்னும் சூடாக்கும். சூடு இன்னும் ஏற்றும். இந்த ஓட்டத்தை நிறுத்துவது அந்தச் சிறு டிரான்சிஸ்டரும் எமிட்டர் ரெசிஸ்டர்களும்தான். அதைப் போர்டின் நடுவில் காற்றாட நிறுத்தினால் அது வெப்பத்தை அறியவே அறியாது.

ஹீட்சிங்க்குக்கும் கணக்கு உண்டு. ±35 வோல்ட்டில் 8 ஓமுக்கு ஒரு சேனல் உமிழும் அதிகபட்ச வெப்பம் சுமார் 31 வாட். வாட்டுக்கு 1 டிகிரி என்ற ஹீட்சிங்க் அறை வெப்பத்துக்கு மேல் 31 டிகிரி ஏறும். ஸ்பீக்கர் தூய மின்தடை அல்ல என்பதால் இதைவிடச் சற்றுப் பெரியதாக எடுங்கள்.

மாஸ்ஃபெட் வைப்பவர்களுக்கு: 2எஸ்கே1058 போன்ற லேட்டரல் வகை 100 மில்லிஆம்பியர் அளவில் வெப்பத்துக்கு அசைவதில்லை, அதற்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. ஐஆர்எஃப்பி240 போன்றவை அப்படியல்ல. பைபோலாரைப் போலவே சூட்டில் பயாஸ் ஏறும்.

படி 8: பயாஸை அமைத்தல்

பிரீசெட்டைக் குறைந்த பயாஸ் நிலைக்கு, அதாவது நம் சுற்றில் அதிக மின்தடைக்குத் திருகுங்கள். மீட்டரில் அளந்து உறுதி செய்யுங்கள். எந்தத் திசை எது என்று ஊகிக்க வேண்டாம். உள்ளீட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிடுங்கள். ரெயில் ஃபியூஸ்களின் இடத்தில் 22 ஓம், 5 வாட் ரெசிஸ்டர்களை வைத்து, குண்டு பல்பு வழியாகவே மின்சாரம் கொடுங்கள்.

முதலில் அவுட்புட்டில் டிசி அளவைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பயாஸைத் தொடாமல் அந்தப் பழுதைக் கண்டுபிடியுங்கள்.

பிறகு மீட்டரின் முனைகளைக் கிளிப் வயரால் இரண்டு எமிட்டர்களிலும் மாட்டுங்கள். ஓடும் சுற்றில் கையால் முனையை அழுத்திப் பிடிப்பது வேண்டாம். ஒரு வழுக்கல் போதும், டிரான்சிஸ்டர் போகும். இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து 0.44 ஓம் என்பதால் நம் இலக்கு 44 மில்லிவோல்ட். பிரீசெட்டை மெல்லத் திருகி 20 வரை ஏற்றி நிறுத்துங்கள். எண் நிலையாக நின்றால் அணைத்து, 22 ஓம் ரெசிஸ்டரையும் பல்பையும் எடுத்துவிட்டு, உரிய ஃபியூஸ்களைப் போடுங்கள். பல்பு இருக்கும்போது ரெயில் வோல்ட்டேஜ் குறைவாக இருப்பதால் கடைசி அளவை அதோடு வைக்கக் கூடாது.

மறுபடி இயக்கினால் எண் சற்று மாறியிருக்கும். 35 வரை ஏற்றி 15 நிமிடம் விடுங்கள்; பெட்டியின் மூடியைப் போட்டு இன்னும் 15 நிமிடம். அதன் பிறகுதான் 44-க்குக் கொண்டுவர வேண்டும். மூடியில்லாமல் அமைத்த பயாஸ், மூடிய பெட்டியின் வெப்பத்தில் வேறாக இருக்கும்.

திருகும்போது எண் படிப்படியாக ஏறாமல் திடீரென்று தாவினாலோ, சிக்னல் இல்லாமலே ஆட்டத்தைத் தடுக்க அவுட்புட்டில் வைக்கும் சோபெல் சுற்றின் 10 ஓம் ரெசிஸ்டர் சுட்டாலோ, ஆம்ப்ளிஃபையர் உயர் அதிர்வெண்ணில் தானாகவே ஆடுகிறது. அணைத்துவிடுங்கள். சோபெல் சுற்றின் இணைப்பையும், போர்டின் அருகே ரெயிலுக்குப் போட்ட 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர்களையும் பாருங்கள்.

படி 9: உழைக்க விட்டுச் சோதித்தல்

தாங்கும் திறனுள்ள 8 ஓம் டம்மி ரெசிஸ்டரை இணைத்து, ஹீட்சிங்க் நன்றாகச் சூடாகும்வரை மூன்றில் ஒரு பங்குச் சக்தியில் சிக்னலை ஓட்டுங்கள். சிக்னலை நிறுத்தியதும் எமிட்டர்களுக்கிடையே அளவிடுங்கள். கொஞ்சம் ஏறியிருந்து சில நிமிடங்களில் 44-க்குத் திரும்பினால் வெப்ப ஈடு சரியாக இருக்கிறது. நிறுத்திய பிறகும் ஏறிக்கொண்டே போனால் உடனே அணையுங்கள். பிடி139 வெப்பத்தைச் சரியாக உணரவில்லை. வெகுவாக இறங்கிப்போனால் ஈடு மிகையாக இருக்கிறது. அது ஆபத்தல்ல, ஆனால் சத்தமான பகுதிக்குப் பின் வரும் மெல்லிய இசையில் தழும்பு கேட்கும்.

கடைசியாக ஸ்பீக்கர். சிக்னல் இல்லாமல் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். 50 ஹெர்ட்ஸின் மென்மையான உறுமல் கேட்டால் கிரவுண்டு லூப், அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். உள்ளீட்டைக் கழற்றி, டிரான்ஸ்ஃபார்மரைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸின் கரகரப்பான ரீங்காரம் கேட்டால் நிரப்பும் துடிப்பு எங்கோ கிரவுண்டு வயரைப் பங்குபோடுகிறது. நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

சில வாரங்கள் ஓடிய பிறகு பயாஸை ஒரு முறை சரிபாருங்கள். அவுட்புட், டிரைவர், பயாஸ் டிரான்சிஸ்டர்களில் எதை மாற்றினாலும், மாற்றியது அதே எண் கொண்ட பாகமாகவே இருந்தாலும், பிரீசெட்டைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி எட்டாம் படியை முதலிலிருந்து செய்யுங்கள்.